தெளிந்திருக்கும் வேளை

நம் உடம்பின் ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் சர்க்கரையைத் திரட்டி எடுத்தால் நான்கைந்து கிராம் தேறும். ஒரு தேக்கரண்டி அளவு. மூளை மட்டுமே ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அவ்வளவையும் செலவழித்துவிடும். கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து ஓயாமல் எடுத்துக் கொடுப்பதால்தான், எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல் உறங்கியும் காலையில் நாம் நாமாகவே கண்விழிக்கிறோம். அந்தத் தேக்கரண்டி இரண்டானால் நோயாளி என்கிறார்கள். பாதியானால் நினைவு தடுமாறுகிறது. நாம் பேசும் ஒழுக்கம், காக்கும் பொறுமை, பெற்ற கல்வி, கொண்ட கொள்கை எல்லாமே இந்தச் சிறிய இடைவெளிக்குள் நின்றுதான் நடக்கின்றன. சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை நினைத்துப் பார்க்கும் தேவையே வருவதில்லை.

நினைக்காமல் இருக்க முடிவதுதான் ஆரோக்கியம் போலும். கணையத்துக்குள் சிதறிக் கிடக்கும் நுண்ணிய திட்டுகளை 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் கண்டு எழுதிவைத்தார். அவை எதற்காக என்பது அவருக்கே தெரியாது. சர்க்கரையை இறக்கும் இன்சுலினும், ஏற்றும் குளூக்ககானும் அந்தத் திட்டுகளில் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் சுரக்கின்றன. ஒன்று எழும்போது மற்றொன்று அடங்குகிறது. இந்த ஏற்பாடு குலைந்த நாளிலிருந்து, உடம்பு கேளாமலே செய்துவந்த வேலை மனத்தின் பொறுப்பாக வந்து சேர்கிறது. காலையில் ஊசி போட்டுக்கொள்பவர் இன்னும் உண்ணாத உணவையும் இன்னும் நடக்காத நடையையும் பற்றி ஒரு தீர்ப்பு எழுதுகிறார். நான்கு இட்லிக்குக் கணக்குப் போட்டிருப்பார்; இரண்டாவது இட்லியில் ஒரு சாவுச் செய்தி வரும். எழுந்து ஓடுவார். உள்ளே போன மருந்துக்கு அந்தச் செய்தி தெரியாது. அது நான்கு இட்லிக்கான வேலையைத் தொடங்கிவிட்டது. மருந்து என்றதும் நாம் பொருளை நினைக்கிறோம். இந்த நோயிலோ பொருளைவிட அதைப் பற்றி எடுக்கும் முடிவுதான் மருந்தாகிறது, அந்த முடிவை நாளைக்கு மூன்று நான்கு முறை, களைத்த நாளிலும் துக்க நாளிலும், வாழ்நாள் முழுவதும் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

1922க்கு முன் அப்படி ஒரு முடிவு எடுக்கும் வாய்ப்பும் கிடையாது. இன்சுலின் சுரப்பு நின்றுபோன குழந்தைகளுக்கு மருத்துவம் கொடுத்தது பட்டினியைத்தான். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் வகுத்த உணவுமுறையில் அவர்கள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள், சிலர் சில ஆண்டுகள், கூடுதலாக உயிர்பிழைத்திருந்தார்கள். டொராண்டோ மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு 1922 ஜனவரி 11 அன்று முதல் ஊசி போட்டபோது அவன் எடை முப்பது கிலோகூட இல்லை. அந்த ஊசி தோற்றது. சர்க்கரை சற்றே இறங்கியது. போட்ட இடத்தில் சீழ் கட்டியது. டொராண்டோ ஆய்வாளர்கள் பேன்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து எடுத்த சாற்றில் மருந்தோடு மாசும் மிகுந்திருந்தது. ஜேம்ஸ் கோலிப் அதைச் சுத்திகரித்துத் தந்த பின், ஜனவரி 23 முதல் போட்ட ஊசிகளில் அந்தச் சிறுவன் தேறினான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். 1923இலேயே நோபல் பரிசு வந்தது. அதை யார் யாருக்குப் பங்கிடுவது என்ற சண்டையும் கூடவே வந்தது. அது வேறு கதை.

எனக்கு அந்த வரலாற்றில் மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது முயல்களின் பகுதி. தான் வடித்த சாறு எவ்வளவு வீரியமுள்ளது என்று அறிய, கோலிப் அதை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அளவு மீறிய முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தன. இன்றைக்கு நம் வீடுகளில் 'லோ சுகர்' என்று சொல்லும் நிலையை இன்சுலின் உண்டாக்கும் என்பதும், அதற்குக் குளுக்கோஸ் மாற்றாகும் என்பதும் அந்தக் கூண்டுகளில் தெளிவாகத் தெரிந்தன. இன்னும் வியப்பானது, இன்சுலினை அளக்க அவர்கள் வகுத்த முதல் அலகே அந்த வலிப்பிலிருந்து பிறந்தது. இரண்டு கிலோ எடையுள்ள, பட்டினி கிடந்த ஒரு முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் எல்லைக்கு, அதாவது நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 45 மில்லிகிராமுக்கு, இறக்கப் போதுமான அளவே ஒரு யூனிட். மனிதருக்கு அது பெரிதாகப்படவே பிறகு குறைத்துக்கொண்டார்கள். இன்று மருந்துச்சீட்டில் 'காலை 20, இரவு 12' என்று எழுதும் எண்களுக்கு இதுவே பூர்வீகம். காக்கும் பொருளை அளக்கும் கோல் அது கொல்லத் தொடங்கும் இடத்தில் நடப்பட்டிருக்கிறது. எல்லா நன்மைக்கும் இப்படி ஓர் எல்லைக்கல் இருக்கக்கூடும். பெரும்பாலானவற்றில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் துணிவு நமக்கு வருவதில்லை, இன்சுலினில் மட்டும் பார்க்காமல் இருக்க வழியில்லாமல் போய்விட்டது.

மாற்று மருந்தின் பிறப்பும் விந்தையானது. கணையச் சாற்றைச் செலுத்தினால் சர்க்கரை இறங்குவதற்கு முன் சற்று ஏறுவதைக் கண்ட ஆய்வாளர்கள் கிம்பலும் மர்லினும், ஏதோ ஓர் அழுக்கு கலந்திருக்கிறது என்று தேடிப்போய் 1923இல் அதற்குக் குளூக்ககான் என்று பெயர் வைத்தார்கள். நினைவிழந்து வாய்வழி எதுவும் கொடுக்க முடியாத நிலையில் கிடப்பவரை எழுப்ப இன்று ஊசியாகவும் மூக்கில் செலுத்தும் பொடியாகவும் வருவது அந்த அழுக்குத்தான். மாத்திரைகளின் கதையும் இப்படியே. 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைஃபாய்டுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்த மார்செல் ஜான்போன், நோயாளிகள் சர்க்கரை இறங்கித் தடுமாறுவதைக் கண்டார். ஒரு நோயின் சிகிச்சையில் விபத்தாக நேர்ந்ததே இன்னொரு நோயின் சிகிச்சையாயிற்று. கிளிபென்கிளமைடும் கிளிமெபிரைடும் அந்த வழியில் வந்தவை. விபத்தில் பிறந்த குணம் அவற்றைவிட்டு முழுவதும் போகவில்லை. சிறுநீரகம் தளர்ந்த முதியவர் ஒருவர் ஏகாதசி என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றைத் தள்ளிவைத்தால், இறங்கிய சர்க்கரை ஒருமுறை ஏற்றியபின்னும் மறுபடி இறங்கும். குளுக்கோஸ் ஏற்றிய உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவர்கள் ஒரு நாள் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

விலக்கப்பட்ட சர்க்கரையே இந்த நெருக்கடியில் மருந்தாகிவிடுகிறது. பல ஆண்டுகளாக ஒளித்து வைத்த டப்பாவை அடுக்களையிலிருந்து ஓடிப்போய் எடுத்து வருகிறார்கள். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. நம் ஊரில் நிறையப் பேர் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளும் வோக்லிபோஸ் மாத்திரை, சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவது. அதை எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் உடனே பலிக்காது. குளுக்கோஸ் பொடியாகவே கொடுக்க வேண்டும். பொருளுக்கென்று நிலையான நன்மையோ தீமையோ கிடையாது, அது எந்த வேளையில் எந்த உடம்புக்குள் எதைச் சந்திக்கிறது என்பதில்தான் அதன் குணம் தீர்மானமாகிறது என்று தத்துவம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறோம். கையில் டம்ளரோடு நிற்கும்போது அது வேறாகத் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், விழுப்புரம் போகும் பேருந்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். வெளுத்த சட்டை முதுகோடு ஒட்டுமளவுக்கு வியர்வை. நடத்துநர் எங்கே போகணும் என்று கேட்டதற்குச் சிரித்தார். மறுபடி கேட்டதும் கெட்ட வார்த்தையில் திட்டினார். "சரக்கு ஓவர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இறக்கிவிட விசில் அடித்தாயிற்று. கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பூக்காரம்மா எழுந்து அவர் பக்கத்தில் குனிந்து, "குடிச்ச வாடையே இல்லியே. சுகரா இருக்கும்யா, எங்க ஊட்டுக்காரருக்கு இப்படித்தான் வரும்" என்றார். யாரோ ஒருவரின் பையிலிருந்து மாம்பழ ஜூஸ் வந்தது. அவர் தட்டிவிட்டார். பூக்காரம்மா விடவில்லை, குழந்தையை அதட்டுவதுபோல அதட்டிக் குடிக்க வைத்தார். பத்து நிமிடம் போனது. அந்த மனிதர் நிமிர்ந்தார், அவிழ்ந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், பிறகு கேட்ட முதல் கேள்வி: "நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?" நடத்துநர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பசியில் வயிறு அறிவிக்கிறது, காயத்தில் தோல் அறிவிக்கிறது. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் நோயாளியே உதவி தேடுகிறார். சர்க்கரை இறங்கும்போது முதலில் பட்டினி கிடப்பது மூளை; ஆபத்தை உணர வேண்டிய, முடிவெடுக்க வேண்டிய, கைநீட்டி இனிப்பை எடுக்க வேண்டிய அந்த ஒன்றே முதலில் தளர்கிறது. வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் முன்னெச்சரிக்கையாக வருவது உண்மைதான். அந்த எச்சரிக்கையைக் கவனிக்கத் தவறிய சில நிமிடங்களில், எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் ஆளே இல்லாமல் போய்விடுகிறார். 'எனக்கு ஒண்ணும் இல்ல, விடு' என்று அவர் உறுதியாகச் சொல்வார். உறுதி கூடக்கூட ஆபத்தும் கூடியிருக்கிறது என்பதை உடனிருப்பவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். நம்மை நாமே நன்கு அறிவோம் என்ற நம்பிக்கையின் மேல் எத்தனை பெரிய கட்டடங்களை எழுப்பியிருக்கிறோம்! அந்த நம்பிக்கை சாட்சியாக அழைக்கும் அறிவே பொய்த்துப்போகும் வேளைகள் உண்டு என்பதையும், அப்போது அது தன் பொய்யைத் தானே கண்டுகொள்ள முடியாது என்பதையும் இந்த நோய் எந்த வாதமும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உயிரின் அறிவைப் பற்றி ஒரு நுட்பமான கருத்தைச் சொல்கிறது. உயிருக்கு அறிவு உண்டு. ஆனால் அது அறிவிக்க அறியும் அறிவு. பார்க்கும் ஆற்றல் கண்ணுக்கே உரியது, ஆயினும் வெளியே ஒளி இல்லாமல் கண் எதையும் காணாது என்பது அவர்கள் காட்டும் உவமை. அவர்கள் அங்கே பேசியது இறையருளை. அந்த உயரத்துக்கு இதை இழுத்துக்கொண்டு போக நான் முனையவில்லை. மனித அளவில் நின்று பார்த்தாலும், பூக்காரம்மாவின் கண் இல்லாமல் அந்த மனிதர் தன் நிலையைத் தானே கண்டிருக்க முடியாது. சார்பு என்பதைக் குறையாகவே கருதப் பழகியிருக்கிறோம். யாரையும் நம்பாமல் வாழ்வதை முதுமையின் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அறிவே சார்பில் நிற்கும் ஒன்றானால், பிறர் கண்ணுக்குத் தன்னைக் காட்டி வாழ்வது பலவீனத்தின் விளைவாக இராது, அறிவு தன் இயல்பை அறிந்துகொண்டதன் அடையாளமாகவே இருக்கும்.

கவலை தருவது இன்னொன்று. அடிக்கடி சர்க்கரை இறங்கிப் பழகிய உடம்பு, எச்சரிப்பதையே கைவிட்டுவிடுகிறது. முன்பு எழுபதில் வியர்த்தவருக்கு இப்போது ஐம்பதிலும் வியர்ப்பதில்லை, நேரே மயக்கம்தான். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் அந்தப் படபடப்பை மறைத்துவிடும். ஆபத்தோடு கூடி வாழ்ந்தால் ஆபத்து ஆபத்தாகத் தெரியாமல் போவது உடம்புக்கு மட்டும் உரிய விதியா என்ன? ஓர் ஆறுதல் உண்டு. சில வாரங்கள் சர்க்கரை இறங்கவே விடாமல் காத்தால், இழந்த எச்சரிக்கை ஓரளவு திரும்பிவருகிறது.

கட்டுப்பாடு மிகுந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1993இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் முதல் வகை நோயில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காக்கப்படுகின்றன என்று நிறுவியது. அதே ஆய்வில், இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்நிலை ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு, இதய ஆபத்து மிகுந்த இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்த அக்கார்டு ஆய்வில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை ஆறு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முயன்றார்கள். இறுக்கிய பிரிவில் இறப்பு கூடியதால் அந்தப் பிரிவை 2008இல் நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம் தாழ்நிலைதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எண்பது வயதுப் பாட்டிக்கும் இருபது வயது இளைஞருக்கும் ஒரே எண்ணை இலக்காக வைக்கும் வழக்கம் அதன்பின் தளர்ந்தது. எட்டு இருந்தால் போதும், விழாமல் இருக்கட்டும் என்று ஒரு மருத்துவர் முதியவரிடம் சொல்லும்போது, மகன் முகம் சுளிக்கிறார். அப்பாவை யாரோ கைவிட்டதுபோல அவருக்குத் தோன்றுகிறது. அந்தத் தளர்வும் கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து என்பது அவருக்கு விளங்க நாளாகும். எதிர்க்கரையிலும் ஆபத்து இருக்கிறது. ஊசி போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் என்று பயந்து நிறுத்துபவர்கள், சர்க்கரையை வேரோடு அழிக்கிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பெற்றோர் இன்சுலினை நிறுத்திவிட்ட பிள்ளைகள், சில நாளிலேயே ரத்தம் அமிலமாகி மூச்சிரைக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். அந்த விளம்பரக்காரர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பேருந்தில் அந்த மனிதர் கேட்ட கேள்வியை இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றும் எதிர்கொண்டிருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாத ஒரு மனநல மருத்துவமனை ஊழியர் நோயாளி ஒருவரைத் தாக்கினார். தனக்கு எதுவும் நினைவில்லை என்றார். 1973இல் வந்த குவிக் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, தாழ்நிலை வெளியிலிருந்து வந்த மருந்தின் விளைவு, அதைப் பித்து என்று கொள்ள முடியாது என்று சொல்லித் தண்டனையை நீக்கியது. 1989இல் இன்னொரு வழக்கில், இன்சுலினைப் போடாமல் சர்க்கரை ஏறிய நிலையில் குற்றம் செய்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அது நோயின் விளைவு, ஆகவே சட்டத்தின் கண்ணில் பித்து என்றார்கள். மருந்தால் மதி கெட்டால் ஒன்று, நோயால் கெட்டால் வேறு. இந்தப் பிரிவினை மருத்துவர்களுக்குச் சிரிப்பூட்டும். ஆனால் குவிக் தீர்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கக்கூடிய நிலையானால், எடுத்துக்காட்டாக ஊசி போட்டுக்கொண்டு வேளைக்கு உண்ணாமல் இருந்ததால் வந்ததானால், அதைக் காரணம் காட்டி எப்போதும் தப்பிவிட முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அறிவு மயங்கிய நிமிடத்தில் செய்ததற்கு நாம் பொறுப்பாக மாட்டோம் என்பதும், பொறுப்பிலிருந்து முழுவதும் விலகியும் விட மாட்டோம் என்பதும் முரண்போலத் தோன்றும். பொறுப்பு அந்த நிமிடத்தில் இல்லை. அதற்கு முந்திய தெளிந்த வேளையில் இருக்கிறது. நாம் நாமாக இருக்கும்போது, நாம் நாமாக இராத வேளைக்கு என்ன ஏற்பாடு செய்துவைத்தோம் என்பதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறார்: "நான் வேண்டாம்னு கத்தினாலும் நீ கேக்காதே. அந்த நேரத்துல பேசறது நான் இல்லை." தம் மறுப்பையே மீறும் உரிமையைத் தாமே மனமுவந்து இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர். சுதந்திரம் என்பது நம் விருப்பத்துக்கு யாரும் குறுக்கே வராதிருப்பது என்று எண்ணியிருந்தோமானால், விருப்பமே நம்மைக் கைவிடும் நேரத்துக்காக ஒருவரைக் குறுக்கே வரச் சொல்லிவைப்பதை எந்தச் சொல்லால் குறிப்பது? அந்த அம்மாள் அந்த உரிமைக்கு விலை கொடுக்கிறார். இரவு மூன்று மணிக்கு கணவர் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். சர்க்கரை ஐம்பதில் இருந்தபோது வந்த வசவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த ஏற்பாடு எல்லா வீடுகளிலும் நடக்க முடிவதில்லை. முதல் வகை நோயுள்ள மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோர் பலர் அதைச் சொல்வதில்லை. சொன்னால் இடம் தட்டிப்போகும் என்ற பயம் அவர்களாகக் கற்பனை செய்துகொண்டதும் இல்லை. பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். ஊசியைக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தாழிட்டுப் போட்டுக்கொள்கிறாள். போட்ட பின், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை பந்தியில் பரிமாறிக்கொண்டு நிற்கிறாள். குளிர்பதனப் பெட்டியில் மருந்துக்கு இடம் கேட்க முடியாது. சாப்பாட்டை முந்திக் கேட்கவும் முடியாது. சர்க்கரை இறங்கி அவள் வாய் குழறும் நாளில், எரிந்து விழும் நாளில், கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போடும் நாளில், டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வர அங்கே ஒருவருக்கும் தோன்றாது. அவள் குணமே அப்படி என்று அவள் பெற்றோரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.